தண்ணி எப்ப வரும்?

ஜூன் 12, 2025, வியாழன்

மேட்டூர் திறந்தாச்சு. டிவியில் பூத் தூவுவதைத் தம்பி மூன்று தடவை பார்த்துவிட்டான். "நம்ம வாய்க்காலுக்கு எப்பக்கா?" என்று கேட்டு முடிக்கவே அவனுக்கு அரை நிமிஷம் ஆகும். பாதியில் குறுக்கிட்டால் கோபம் வரும்.

அம்மா இன்னும் தஞ்சாவூரில்தான்.

ஜூன் 13

இடுப்பு. வேறொன்றுமில்லை.

ஜூன் 15

இன்று கல்லணை. கடைமடைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும் என்றேன். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டான்.

ஜூன் 16, திங்கள்

திருவாரூர் கலெக்டர் ஆபீஸ், குறைதீர்க்கும் நாள். டவுன் பஸ்ஸில் அவனுக்கும் கூட வருகிற எனக்கும் டிக்கெட் கிடையாது, சரி. படியில் யார் ஏற்றுவது? ஆட்டோவுக்கு 700 ரூபாய். அவனுக்கு வருகிற மாச உதவித்தொகையே 2000.

அந்தப் பணத்தை எடுக்கத்தான் இந்த அலைச்சல். இதுவரை அம்மாதான் கூட்டிப்போய் எடுப்பாள். இப்போது பேங்க்கில், "வாய் சரியா வரலையே, கார்டியன் சர்டிபிகேட் வேணும்" என்கிறார்கள். அவனை வைத்துக்கொண்டே சொன்னார்கள். மூளை முடக்குவாதம் என்றால் மூளையே இல்லை என்று நினைப்பு. வீட்டுப் பால் கணக்கைப் போடுவதே அவன்தான்.

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துப் பெண் என்னைப் பார்க்காமல் அவனிடம் பெயர் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார், அவன் முடிக்கிற வரைக்கும். அப்புறம்தான் என்னிடம் பேசினார். விஷயம் புரிகிறவனுக்குக் கார்டியன் எதற்கு, 2016 சட்டப்படி தன் கணக்கைத் தானே நடத்த அவனுக்கு உரிமை உண்டு, கைரேகை போதும் என்றார். எழுதியும் கொடுத்தார்.

பேங்க்கில் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்."

ஜூன் 17

பார்க்கலாம், பார்க்கலாம், பார்க்கலாம்.

ஜூன் 19

மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண் அம்மாவின் பிரஷர் மாத்திரையோடு வந்தாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்துவிட்டாள். "தம்பிக்குப் பிசியோகாரரை வரச்சொல்றேன்க்கா. அதுக்கு முன்னாடி கீழத்தெருவுல ஒரு அம்மாவைப் பாருங்க, அவங்க பொண்ணும் இப்படித்தான்."

கீழத்தெருவா! ரெண்டு தெரு தள்ளி. இருபது வருஷமாக ஒரே ரேஷன் கடையில் நிற்கிறோம்.

ஜூன் 21, சனி

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். நம் கதையை ஒருத்தரிடம் சொல்லி, அவர் கதையையும் கேட்டு, ரெண்டு பேரும் அழுது... வேண்டாம் என்று இருந்தது. அந்த அம்மாவே வந்துவிட்டார். அழவெல்லாம் இல்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனார்.

"கக்கத்துல கை குடுத்தா தூக்குற? உன் இடுப்பும் போச்சு, அவன் தோளும் போச்சு."

தம்பியிடம் சொல்லிவிட்டே தொட்டார். முழங்காலை மடக்கினார், தன் பக்கமாக மெல்லப் புரட்டினார், காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டார். கால் இறங்க இறங்கத் தோளுக்கு ஒரு கை கொடுத்தார். உட்கார்ந்துவிட்டான்! வெடுக்கென்று இழுத்தால்தான் உடம்பு விறைக்குமாம். நான் நாலு தடவை செய்து பார்த்தேன். மூன்றாவது தடவை தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பேங்க்குக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் மூன்று வீடு இருக்கிறதாம், மொத்தமாகப் போகலாமாம். போகிறபோக்கில், "உனக்கப்புறம் யாருன்னு யோசிச்சியா?" என்றும் கேட்டுவிட்டார்.

ஜூன் 22

தூக்கமில்லை. எனக்கப்புறம் யார்? அம்மா இதை ஒருநாளும் கேட்டதில்லை. பதிலாக என்னை வைத்திருந்தாள் போல.

ஜூன் 25

அம்மா போனில்: "அவனுக்கு முதுகு பார்த்தியா?" புண் இல்லை என்றேன். "திருப்பிப் பார்த்தியா?" பார்த்தேன்மா. "லைட்டு போட்டுப் பார்த்தியா?"

ஜூன் 27

நாலு வீட்டுக்காரர்கள், ரெண்டு சக்கர நாற்காலி, ஒரு மினி வேன். மேனேஜர் எழுந்து நின்றார். தம்பி கைரேகை வைத்தான், மை சட்டையெல்லாம். 2000 ரூபாயை அவன் கையிலேயே கொடுக்கச் சொன்னேன். எண்ணினான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும்.

ஜூலை 2

முள்ளியாற்றில் தண்ணி வந்துவிட்டதாம். நம் வாய்க்காலில் இன்னும் ஆகாயத்தாமரைதான். கரை மேடு, நாற்காலி ஏறாது. பலகை போட முடியுமா என்று கீழத்தெரு அம்மாவின் மருமகனைக் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 4

பலகை வந்தது. ஒரு சாண் குட்டை.