நெஃப்ரொட்டிக் வந்த மகனும், டொக்டர் கீறிக் காட்டிய படமும்

நெஃப்ரொட்டிக் சின்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் என்றால் எங்கட சனம் உடனே கேட்பது, பிள்ளை தண்ணி குடிக்கிறதில்லையோ, கிணற்றுத் தண்ணியில கல்லோ என்றுதான். இரண்டும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனக் கலங்கள்தான் இதில் குழம்புகின்றன.

மகனுக்குக் காலையில் கண்மடல் வீங்கும், பின்னேரம் கால் வீங்கும், சலத்தில் நுரை. பெரியாஸ்பத்திரி வார்ட்டில் டொக்டர் கொப்பியில் படம் கீறிக் காட்டினார். சிறுநீரக வடியில் பொடோசைட் என்ற கலங்கள் கைவிரல் கோர்த்த மாதிரி நிற்குமாம், நிர்ப்பீடனம் குழம்பினால் அந்தப் பிடி குலைந்து அல்புமின் என்ற புரதம் சலத்தோடு போய்விடும், குருதியில் அது குறையக் குறைய உடம்பு நீர் பிடித்து வீங்கும். கிருமியே இல்லாத நோய்க்கு ஏன் ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை என்ற என் கேள்விக்கும் அதோடு பதில் கிடைத்தது. குழம்பிய நிர்ப்பீடனக் கலங்களை அடக்கத்தான்.

அப்புறம் இரவிரவாக வாசித்தேன். 1974இல் ஷல்ஹூப் என்ற மருத்துவர் நிர்ப்பீடனக் கலங்களில் ஒரு வகையான ரி கலங்களைச் சந்தேகித்திருக்கிறார். சின்னமுத்து வந்ததும் இந்த நோய் தணிந்ததை அதற்கொரு காரணமாகக் காட்டினார். பிறகு இன்னொரு வகையான பி கலங்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து, நோய் திரும்பத் திரும்ப வந்த பிள்ளைகளுக்கு உதவியதால் அவற்றின் பக்கமும் பார்வை திரும்பியது. 2022இல், பொடோசைட்டின் பிடியில் இருக்கும் நெஃப்ரின் புரதத்தையே தாக்கும் பிறபொருளெதிரிகள் நோயாளிகள் சிலரின் குருதியில் இருப்பதைக் காட்டினார்கள். எல்லாருக்கும் அது இல்லை. ஆனாலும் இத்தனை வருடத்துக்குப் பிறகு கையில் பிடிக்க ஒன்று கிடைத்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

வீட்டில் எங்கட வேலை காலைச் சலம் பார்ப்பது. கண்ணாடிக் குழாயில் முக்கால்வாசி எடுத்து, சரித்துப் பிடித்து மேல்பகுதியை மட்டும் சூடாக்குவோம், வெண்மையாகக் கலங்கினால் இரண்டு மூன்று துளி வினாகிரி, அதற்கும் தெளியாவிட்டால் புரதம். தடிமன், காய்ச்சல் வந்தால்தான் பயம், நிர்ப்பீடனம் உசுப்பப்பட நோய் திரும்பலாம். கலங்கலின் அளவை பிளஸ் கணக்கில் குறிப்போம், 3 நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் என்றால் கிளினிக்குக்கு ஓட வேண்டும்.

குளிசையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், ஆர் என்ன சொன்னாலும். தடுப்பூசி போட முதல் கிளினிக்கில் கேளுங்கள், ஸ்டீரொயிட் கூடிய அளவில் எடுக்கும்போது உயிருள்ள, பலவீனமாக்கிய கிருமி கொண்ட உயிர்த்தடுப்பூசி கூடாது. மகனுக்கு இப்ப ஒன்றுவிட்ட ஒருநாள் குளிசை, முகவீக்கம் வடிந்துகொண்டு வருகிறது, பசிதான் இன்னும் அடங்கவில்லை.