பாசி மீனுக்கும் பசிக்கும்

ஜூன் 8, ஞாயிறு

கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய், வீட்டுத் தொட்டிக்கு ஓட்டோ என்கிற குட்டிப் பாசி மீன்கள் வாங்கி வந்தேன். ஒரு கடையில் பளபளவென்று துடைத்து வைத்த தொட்டிக்குள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருந்தன. "இதுக்கு என்ன தம்பி சாப்பாடு போடறீங்க?" என்று கேட்டேன். "இதுக்குப் போய் சாப்பாடாக்கா? பாசி மீனு, பாசியைத் தின்னுக்கும்" என்றார். அந்தத் தொட்டியில் மருந்துக்குக்கூடப் பாசி இல்லை.

ஓட்டோ, முழுப்பெயர் ஓட்டோசின்க்ளஸ், தென் அமெரிக்க ஆற்று மீன். வளர்ந்தாலும் 5 செ.மீ. அளவில் நின்றுவிடும். கடைக்கு வருவதில் பெரும்பகுதி ஆற்றில் பிடித்தது. அங்கிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் பை மாறிப் பை மாறி, பாதி நாள் பட்டினியிலேயே கழிந்திருக்கும். வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் நிறையப் பேருக்கு ஓட்டோ செத்துப்போகிறது. தண்ணீர் சரியில்லை, சூடு அதிகம் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். பல சமயம் வெறும் பசிதான்.

அதனால் ஓட்டோ வாங்கும்போது வயிற்றைத்தான் பார்ப்பேன். கண்ணாடியில் வந்து ஒட்டும்வரை காத்திருந்தால் அடிவயிறு முழுசாகத் தெரியும். லேசாகப் புடைத்து, வெளிறிய தோலுக்குள் குடல் சுருள் மங்கலாகத் தெரிந்தால் எடுக்கலாம். குழி விழுந்திருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிட வேண்டியதுதான். ஆறு மீன் பொறுக்கி எடுப்பதற்குள் கடைத் தம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

ஜூன் 9, திங்கள்

ஒன்றும் செய்யவில்லை. விளக்குகூடப் போடவில்லை. ஆறும் அனுபியாஸ் இலைகளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. தொட்டியின் பழைய ஆள், பிரிஸில்நோஸ் என்கிற மீசைக்காரப் பாசி மீன் மட்டும் மரக்கட்டைக்குள்ளிருந்து மீசையை நீட்டி வேவு பார்த்தது.

ஜூன் 11, புதன்

இந்த மீன்களுக்காகவே பின்பக்கக் கண்ணாடியைப் பல வாரமாகச் சுரண்டாமல் விட்டிருந்தேன். அதில் படிந்திருந்த பழுப்புப் படலம் இன்று துடைத்துவிட்ட மாதிரி காலி. மூன்றடித் தொட்டியின் பாசி ஆறு குட்டி மீனுக்கு இவ்வளவு நாள்தான் தாங்கும்.

இன்னும் பச்சையாக ஏதோ இருக்கிறதே என்று தோன்றும். பாசியில் எல்லாமே தீனி இல்லை. பழுப்புப் படலம் டயாட்டம் வகை, மெத்தென்று இருக்கும், ஓட்டோவுக்கு உயிர். கண்ணாடியில் புள்ளி புள்ளியாக இறுகிப்போன பச்சையை அதன் வாயால் பெயர்க்க முடியாது, அதற்கு நெரைட் நத்தை வேண்டும். செடி ஓரத்தில் தாடி மாதிரி தொங்கும் கரும்பாசியை சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர் தின்னும், இவை தொடாது. மண்மேல் வழவழவென்று பாய் விரித்து நாறுகிற நீலப்பச்சையோ பாசியே இல்லை, பாக்டீரியா. அதைப் பெரும்பாலும் எந்த மீனும் சீண்டாது. ஆக, தொட்டி பச்சைப் பசேலென்று இருக்கும்போதே உள்ளே மீன் பட்டினி கிடக்கலாம்.

இரவு வெள்ளரி போட்டேன். தோலைச் சீவிவிட்டு விரல் தடிமனுக்கு வில்லை போட்டு, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிஷம். அப்போதுதான் சதை இளகும். அப்படியும் மிதக்கும், எனவே ஒரு எவர்சில்வர் ஃபோர்க்கில் குத்தி அடியில் இறக்க வேண்டும். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் பிரிஸில்நோஸ் வந்து அதன்மேல் கவிழ்ந்துகொண்டது. ஓட்டோ ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

காலையில் வெள்ளரி நடுவில் ஓட்டை விழுந்து வளையமாகக் கிடந்தது. மிச்சத்தை உடனே எடுத்துவிட்டேன். மற்ற ஊர்க்காரர்கள் ஒரு நாள் முழுக்கக் காய் கிடக்கலாம் என்பார்கள். சென்னை ஜூனில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. பகலுக்குள் கொழகொழத்து அமோனியா கிளம்பிவிடும். சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு, மீனுக்குப் பசியோ அதிகம்.

ஓட்டோவுக்குக் காய் என்பது சாப்பாடு என்றே தெரியாது. ஆற்றில் அதற்கு வெள்ளரிக்காயை யார் போட்டார்கள்? தினமும் இரவில் ஒரு வில்லை தொடர்ந்து வைக்க வேண்டும். அதன்மேல் மெல்லிய படலம் கட்டும், அதைச் சுரண்ட வந்த இடத்தில் ருசி பிடிபடும்.

ஜூன் 15, ஞாயிறு

அதுவரைக்கும் பாசியை நாமே பயிரிட வேண்டியதுதான். மாடியில் இரண்டு பிளாஸ்டிக் டப்பா. அடியில் வழவழப்பான கூழாங்கற்கள், மேலே தொட்டியிலிருந்து மாற்றி எடுத்த பழைய தண்ணீர். குழாய்த் தண்ணீரைவிட இதில் நைட்ரேட் அதிகம், பாசிக்கு அதுதான் உரம். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, ஒன்றிரண்டு வாரத்தில் கல்லெல்லாம் பச்சைப் போர்வை போர்த்திக்கொள்ளும். பச்சையானதை உள்ளே வைத்து, வெறுங்கல்லை மாடிக்கு அனுப்ப வேண்டும்.

மறக்கக் கூடாத விஷயம் கொசு. தேங்கின தண்ணீரில் புழு இருக்கிறதா என்று மாநகராட்சி ஆட்கள் மாடி மாடியாக வந்து பார்க்கிறார்கள். டப்பா வாயில் பழைய கொசுவலைத் துண்டை இழுத்துக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டாயிற்று.

தெருமுனை பாதாம் மரத்தடியில் நன்றாகக் காய்ந்து விழுந்த பழுப்பு இலைகள் பொறுக்கி வந்து, கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்துத் தொட்டியில் விட்டேன். இலை மக்க மக்க அதன்மேல் படலம் வளரும். தண்ணீர் டீ நிறமாகும், ஆகட்டும்.

ஜூன் 21, சனி

இன்று சமையல். பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோல் உரித்தது, ஒரு கைப்பிடி பாலக்கீரை, கொஞ்சம் பூசணி. உப்பு கிடையாது. மிக்சியில் அடித்து ஒரு டம்ளர் விழுது. இன்னொரு அடுப்பில் இரண்டு கிராம் சைனா கிராஸை (கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர்) கொஞ்சம் தண்ணீரில் கரையும்வரை கொதிக்கவிட்டேன். "பாயசமா?" என்று கேட்டுக்கொண்டே வந்த அத்தை, விழுதை முகர்ந்து பார்த்து, "மீனுக்குக் கூட்டு செய்யற வீடு நம்ம வீடாத்தான் இருக்கும்" என்று போய்விட்டார்.

இரண்டையும் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மீன் தீனியில் சேர்க்கும் பச்சை நிற ஸ்பைருலினா பொடி இரண்டு ஸ்பூன். கொதிக்கும்போது போட்டால் சத்து போய்விடும். அதே நேரம் ரொம்ப ஆறவும் விடக் கூடாது, சைனா கிராஸ் 40 டிகிரி பக்கம் வந்தாலே உறைய ஆரம்பிக்கும். ஜெலட்டின் எனக்கு ஒத்துவராது, நம் ஊர்த் தண்ணீர்ச் சூட்டில் கரைந்து தொட்டியே கலங்கிவிடும். சைனா கிராஸ் ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி வந்தால்தான் இளகும். பேர்தான் சைனா. மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இதே அகர்தான் எடுக்கிறார்கள்.

உறைவதற்கு முன்பு தட்டையான கற்கள்மேல் மெல்லிசாகப் பூசினேன், அதில்தான் விஷயமே இருக்கிறது. ஓட்டோ கடிக்கும் மீன் இல்லை, சுரண்டும் மீன். துண்டாகப் போட்டால் அதற்குப் பிடி கிடைக்காது. பூசிய கல் கிடைத்தால் ஆற்றுப் பாறையில் மேய்வது மாதிரி மேயும். மீதியைச் சின்னச் சின்ன வில்லையாக ஃப்ரீசரில் வைத்தேன். டப்பாமேல் "மீன்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், இவர் நள்ளிரவில் எதையும் எடுத்துச் சாப்பிடுவார்.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று ஓட்டோ கல்லில்! வாலை ஆட்டிக்கொண்டு, வரிசையாக, பச்சையைச் சுரண்டிய தடம் கோடு கோடாகத் தெரிகிறது.

ஜூன் 25, புதன்

பாசி மீனுக்கென்று கடையில் விற்கும் வில்லைத் தீனி, ஆல்ஜி வேஃபர் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன். முன்பக்கம் பச்சை இலைப் படம். பின்பக்கம் முதலில் மீன் தூள், அடுத்து கோதுமை, ஸ்பைருலினா கடைசி வரிசையில். பிரிஸில்நோஸுக்குக் கொஞ்சம் புரதம் வேண்டும்தான், வாரம் ஒன்றிரண்டு வேஃபர் தப்பில்லை. தினமும் அதுவே என்றால் வயிறு உப்பிப் படுத்துவிடும், இலை தழைக்கென்று நீண்ட குடல் அதற்கு. கட்டையையும் கொறிக்கிறது, அதனால் மரத்துண்டு ஒன்று தொட்டியில் எப்போதும் கிடக்கும். வேஃபரைப் பகலில் போட்டால் தொட்டியில் கூட இருக்கும் சின்ன மீன்கள், ராஸ்போராக்களே இழுத்துத் தின்றுவிடுகின்றன. விளக்கணைத்த பிறகுதான்.

ஜூலை 2, புதன்

அம்பத்தூரிலிருந்து என் தம்பி போன் பண்ணினான். அவன் தொட்டி சக்கர் மீன் ராத்திரியில் கோல்டுஃபிஷ்மேல் ஒட்டிக்கொள்கிறதாம், விலாவில் செதில் போய்ச் சிவந்திருக்கிறது. "அதுக்கு நீ என்னடா போடற?" "டேங்க் கிளீனர்தானேக்கா, அதுக்குத் தனியா எதுக்கு?"

அதேதான். பசியில் இருக்கும் சக்கர், மெதுவாக நீந்தும் அகல மீனின் உடம்பில் இருக்கும் வழவழப்பை உறிஞ்சப் பழகிவிடும். பழகினால் விடாது. அதைத் தனித்தொட்டிக்கு மாற்றி, இரவில் பூசணிக் கீற்று, சர்க்கரைவள்ளி வேகவைத்துப் போடச் சொன்னேன். ஒரு அடிக்குமேல் வளரும் ஜந்து அது, இரண்டடித் தொட்டியில் எத்தனை நாள் இருக்கும்?

"அப்போ ஏரில விட்டுடட்டுமா?" என்றான். செம டோஸ் விட்டேன். அப்படி ஆளாளுக்கு விட்டதுதான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலை போட்டால் சக்கராக ஏறுகிறது. அதன் முள்ளும் எலும்புத் தகடும் வலையைக் கிழிக்கும், விலை போகாது, கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகும். கடையில் திருப்பிக் கொடு, வாங்காவிட்டால் பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடு, ஏரிப் பக்கம் போகாதே என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 9, புதன்

ஐந்துக்கு வயிறு உருண்டை. ஒன்று மட்டும் இளைத்தே இருக்கிறது, கல்லருகில் வந்தாலும் மற்றவை நெருக்கும்போது ஒதுங்கிக்கொள்கிறது. குட்டி பிரிக்கும் வலைப்பெட்டியைத் தொட்டியிலேயே தொங்கவிட்டு, அதற்குள் இந்த மீனையும் மாடியிலிருந்து வந்த பச்சைக் கல் ஒன்றையும் வைத்தேன். தண்ணீர் அதே தண்ணீர், போட்டிதான் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

பெட்டிக்குள்ளிருக்கும் மீனுக்கு வயிறு தட்டையாகியிருக்கிறது, குழி இல்லை. இன்னும் ஒரு வாரம் உள்ளேயே இருக்கட்டும்.

தீனி கூடினால் கழிவும் கூடும். பிரிஸில்நோஸ் நாள் முழுக்க நூல் நூலாக விடுகிறது. கால் பங்கு மாற்றிக்கொண்டிருந்த தண்ணீரை இப்போது வாரம் மூன்றில் ஒரு பங்காக்கியிருக்கிறேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் கருஞ்சேறு.

வியாழன் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போகிறேன், இவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரிட்ஜ்மேல் சீட்டு ஒட்டியாயிற்று: ராஸ்போராவுக்கு ஒருவேளை சிட்டிகைத் தீனி, ராத்திரி ஒரு பச்சைக் கல் உள்ளே, ஒரு வெறுங்கல் மாடிக்கு, வலையைத் திரும்பக் கட்டவும். வெள்ளரி போடவே வேண்டாம், எடுக்க மறந்துவிடுவீர்கள்.