மருந்துவாழ் மலை: வண்ணக் குறிப்புகள்

ஜனவரி 18

கன்னியாகுமரி மாவட்டம், சுசீந்திரம் வயல் வரப்பு, காலை ஏழு மணி. வெயில் மருந்துவாழ் மலைக்குப் பின்னாலிருந்து வருகிறது. பாறையோ இடுக்கோ மரமோ தெரியாது. மலை மொத்தமும் ஒரே நீலச் சாம்பல். அதை அப்படியே ஒரே நிறமாகத்தான் பூச வேண்டும். தெரியாத பாறையை ஞாபகத்திலிருந்து போட்டால் படம் காலண்டர் ஆகிவிடும்.

எண்ணெய் வண்ணத்தில் அல்ட்ராமரீன் நீலம் இரண்டு பங்கு, அலிசரின் கிரிம்சன் சிவப்பு கால் பங்கு, வெள்ளை மூன்று பங்கு, மஞ்சள் ஓக்கர் துளி. கறுப்பு வேண்டாம். கண்ணைச் சுருக்கி வானத்தையும் மலையையும் பாருங்கள். இரண்டின் அடர்த்தியும் நெருங்கி இருந்தால் படம் அமைதி தரும். விலகினால் மலை நம்மேல் வந்து அழுத்தும். உணர்ச்சியின் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஜனவரி 21

அதே இடம், மாலை ஐந்து. வெயில் பக்கவாட்டில் அடிக்கிறது. பாறை ஆரஞ்சு, இடுக்கு ஊதா. நிழலைப் பழுப்பில் போட்டால் செத்துப்போகும். வேறுபட்ட நிறங்கள் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839-லேயே எழுதிவிட்டார். ஆரஞ்சை வைத்து, பிரஷைத் துடைத்து, அருகில் ஊதாவை வைத்து, விட்டுவிட வேண்டும். மேலே மேலே தேய்த்தால் சேறுதான்.

அரை மணி நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும். காலைப் படத்தில் மாலை நிறத்தை ஏற்றினால் இரண்டும் கெடும். 1895-இல் நார்வேயில் கோல்சோஸ் மலையை பிரெஞ்சு ஓவியர் மோனே பத்துக்கும் மேற்பட்ட கித்தான்களில் தீட்டியதற்குக் காரணம் மலை இல்லை, மாறிக்கொண்டே இருந்த வெளிச்சம்.

ஜூன் 14

ஆரல்வாய்மொழி கணவாய். காற்றுக்குக் கேட்கவா வேண்டும்! கித்தானைத் தாங்கும் சட்டத்தின் (ஈசல்) கால்களுக்கு நடுவே கல் நிரப்பிய பையைத் தொங்கவிடுங்கள். பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குலத்துக்கு மேல் கித்தான் வேண்டாம். டர்பன்டைன் சீக்கிரம் பறந்து வண்ணம் இறுகும். ஒட்டிய தூசியை ஈரத்தில் நோண்டாமல், காய்ந்தபின் தட்டிவிடுங்கள்.

ஜூலை 2

தோவாளைப் பக்கம் சாரல். மலையின் மேல்பாதி மேகத்துக்குள். மலை வண்ணமும் மேக வண்ணமும் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த பிரஷால் விளிம்பை ஒருமுறை இழுத்தால் போதும். ஓரிடத்தில் மட்டும் விளிம்பைக் கூர்மையாக விடுங்கள், பெரும்பாலும் அடிவாரத்தில். இல்லாவிட்டால் கண் நிற்க இடமில்லாமல் மூட்டம் வெறும் மங்கலாகிவிடும்.

முன்னால் கன்னிப்பூ (முதல் பருவ) நெல். டியூப் பச்சையை அப்படியே போட்டால் மலை காணாமல் போகும். துளி சிவப்பு கலந்து அடக்குங்கள். மழைக்காலத்தில் எண்ணெய் வண்ணம் காய நாளாகும். சுவரோடு சாய்த்து அடுக்க வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.