அடை வைத்தது முதல் அடுப்பேறியது வரை: ஒரு கோழி நாட்குறிப்பு

19 மே 2024, ஞாயிறு

கோடை மழை நின்று பெய்து, காங்கயத்துச் செம்மண்ணில் கொறங்காடு என்னும் எங்கள் மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல் துளிர்விட்டுவிட்டதால், அக்கினி நட்சத்திரம் கழியாமல் அடை வைக்கக் கூடாது என்று இதுவரை மறுத்துவந்த அத்தை இன்று காலையில் தாமாகவே மூன்று கூடைகளை எடுத்து வந்து வாசலில் வைத்தார். அவர் மறுத்ததில் நியாயம் உண்டு. வெயில் கடுமையாக இருந்தால் எடுத்து வைத்த முட்டையிலேயே கரு வளரத் தொடங்கிப் பாதியில் செத்துவிடும். அடையில் இருக்கும் பெட்டையும் சூடு தாங்காமல் அடிக்கடி எழுந்து போய்விடும்.

கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, பேன் அண்டாமலிருக்க வேப்பிலை தூவி, ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளை மட்டும் பொறுக்கி வைத்தோம். மூன்றும் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி இனத்துப் பெட்டைகள். ஒவ்வொன்றின் வயிற்றுக்கடியிலும் பன்னிரண்டு முட்டைகள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று கூடைக்கு ஒரு பழைய ஆணியும் அடுப்புக்கரித் துண்டும் அத்தை போட்டார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லையென்றாலும், மழைக்காலம் வரப்போகிற நேரத்தில் ஓர் ஆணிக்காக மாமியாரிடம் வழக்காட எனக்கு விருப்பமில்லை.

புரட்டாசி முழுவதும் இந்த வீட்டில் கறி கிடையாது. ஐப்பசி பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுக்கோழியே வேண்டும் என்பதுதான் இப்போதைய கணக்கு.

27 மே, திங்கள்

இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசி வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்தோம். எட்டாம் நாளில் கரு கூடியிருந்தால், நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து நாலாபுறமும் பிரியும் செந்நரம்புகளும் தெரியும். கூடாத முட்டை வெறும் மஞ்சள் வெளிச்சமாக நிற்கும். அப்படி நின்றவற்றை எடுத்துவிட்டோம். ஆறாம் வகுப்பு போகப்போகிற மகன் ஒரு முட்டைக்குள் ஏதோ துடிப்பதைப் பார்த்துவிட்டு, அதை மறுபடியும் கூடையில் வைக்க மனமின்றிக் கையிலேயே வைத்திருந்தான்.

9 ஜூன், ஞாயிறு

இருபத்தோராம் நாளான இன்று விடியும் முன்பே குஞ்சுகள் வெளிவரத் தொடங்கிவிட்டன. கூமுட்டை, ஓட்டுக்குள்ளேயே செத்தது எல்லாம் போக இருபத்தொன்பது தேறின. முதல் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து வைத்தோம். பொரித்த குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்து, உமி பரப்பிய அடைப்பில் மின்விளக்குச் சூட்டில் வளர்த்தால் பெட்டைகள் சீக்கிரமே மீண்டும் முட்டைக்கு வந்துவிடும் என்பது என் கணவரின் வாதம். தாய் சொல்லிக்கொடுக்காத குஞ்சு பருந்து வந்தால் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்கும் என்பது அத்தையின் வாதம். கடைசியில் குஞ்சுகள் அனைத்தையும் இரண்டு பெட்டைகளிடம் பங்கிட்டுவிட்டு, மூன்றாவதை மட்டும் விடுவித்தோம். இரவில் பெட்டையின் இறகுக்கடியில் கை விட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கும் கதகதப்பை எந்த விளக்கும் தராது. ஆனால் அதற்கு மின்கட்டணம் இல்லை என்பதுதான் அத்தைக்கு முக்கியம்.

15 ஜூன், சனி

சனிக்கிழமைகளில் கால்நடை மருந்தகத்தில் கோழிக் கழிச்சல் தடுப்பு மருந்து தருகிறார்கள். வெள்ளைக் கழிச்சல் ஒரு வளவுக்குள் நுழைந்துவிட்டால் கோழி பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருக்கிக்கொண்டு விழும். நான்கைந்து நாட்களில் பட்டியே காலியாகிவிடும். வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது. சின்ன வெங்காயத்தையும் மிளகையும் மஞ்சளையும் அரைத்துக் கொடுத்துக் கோழியைக் காப்பாற்றியதாகச் சொல்பவர்கள் ஊரில் உண்டு. அந்த உருண்டையை நானும் மாதம் ஒருமுறை கொடுக்கிறேன், ஆனால் அதை நம்பித் தடுப்பு மருந்தை விட்டுவிடமாட்டேன்.

லசோட்டா என்னும் அந்தத் தடுப்பு மருந்துப் புட்டியில் நூறு குஞ்சுகளுக்கானது இருக்கும். அதைக் கலக்கிவிட்டால் குளிர்ச்சி குறையாமல் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால், அக்கம்பக்கத்துக் குஞ்சுகளும் கூடைகளில் எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தன. பனிக்கட்டி போட்ட தூக்குப்போசியில் புட்டியை நிறுத்தி, குஞ்சின் தலையைச் சற்றே சாய்த்துப் பிடித்து, கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். சொட்டு விழுந்ததும் குஞ்சு கண்ணை மூடும். மறுபடி திறந்து மருந்து உள்ளே இறங்கும்வரை கையிலிருந்து விடக் கூடாது. அவசரக்காரர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். மகனுக்கு இந்த வேலை நன்றாக வந்தது. "கண்ணு, பாத்துப் புடி, கழுத்த நெரிச்சுப்போடாத" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாரே தவிர, அவனிடமிருந்து வேலையைப் பிடுங்கவில்லை.

23 ஜூன், ஞாயிறு

குருணையும் கம்பும் மட்டும் தின்றால் குஞ்சுக்குச் சதை பிடிக்காது. அதற்குக் கரையான் வேண்டும். பழைய மண்பானையில் காய்ந்த சாணியையும் கிழிந்த சாக்கையும் சோளத்தட்டையையும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று மண் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்துவிட்டால், காலையில் பானைக்குள் வெள்ளையாக நெளிந்துகொண்டிருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். ஏறிவிட்டால் கரையான் மண்ணுக்குள் போய்விடும். இன்று பானையை வாசலில் தட்டியபோது இரண்டு தாய்க்கோழிகளும் தாம் தின்னாமல் கொக்கரித்துக் குஞ்சுகளை அழைத்தன. கடையில் விற்கும் தீவனம் எதற்கும் இப்படியொரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை.

17 ஜூலை, புதன்

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போல அடிக்கிறது. கூண்டின் மேற்குப் பக்கத்தைச் சாக்கு கட்டி மறைத்தோம். இந்த மாதம் குஞ்சுகளைக் கொண்டுபோனது காற்றல்ல, வல்லூறும் கீரியும்தான். தடுப்பு மருந்தின் இரண்டாம் சுற்று முடிந்தபோது இருபத்தொன்பதில் இருபத்துமூன்றே மிஞ்சின. வெள்வேல மரத்தில் கரிச்சான் கூடு கட்டியிருந்தவரையில் எந்தப் பருந்தும் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை, அவ்வளவு மூர்க்கமாக விரட்டும். அதன் குஞ்சுகள் பறந்துபோன பிறகுதான் இழப்பு தொடங்கியது.

பகலில் கீரிக்குத் தப்பி மேய இப்போது உதவுவது மாமா போட்ட ஈமு வேலிதான். 2012-இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு நிறுவனங்கள் கைவிரித்தபோது அவருடைய முதலீடும் அதோடு போயிற்று. பறவைகளும் போய்விட்டன, துரு ஏறிய கம்பிவலை மட்டும் கிளுவை வேலியையொட்டி நின்றுகொண்டிருந்தது. அந்த வலையைக் கழற்றிக் கோழிப்பட்டிக்குக் கட்டியபோது மாமா உடனிருந்து முடிச்சுப் போட்டார். விலை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

10 ஆகஸ்ட், சனி

போன வாரம் குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று. இன்று இறக்கைக்கடியில் கழிச்சல் தடுப்பூசி. இனிச் சேவலும் பெட்டையும் பார்த்தவுடன் தெரியும்.

22 செப்டம்பர், ஞாயிறு

புரட்டாசி என்பதால் பல்லடத்திலிருந்து கொழுந்தனார் வந்தும் பருப்பும் கத்தரிக்காயும்தான். அவர் கறிக்கோழி நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் ஐயாயிரம் கோழி வளர்க்கிறார். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை. கொட்டகையும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் இவருடையவை. நாற்பது நாளில் இரண்டு கிலோ தொடும் கோழிக்கு, கிலோ எடைக்கு ஆறரை ரூபாய் வளர்ப்புக் கூலி. ஒரு கிலோ எடை கூட ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் தீவனம் போதும் என்பதும், பல்லடத்தில் நாள்தோறும் அறிவிக்கப்படும் பண்ணை விலை புரட்டாசியில் இறங்கிவிடும் என்பதும் அவருக்கு விரல்நுனியில் இருக்கின்றன.

எங்கள் சேவல்கள் பதினைந்து வாரத்திலும் ஒரு கிலோவைத் தொடவில்லை என்று கேட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். கொறங்காட்டில் அவை பொறுக்கித் தின்னும் பூச்சிக்கும் புல்விதைக்கும் நான் விலை போடவில்லை; போட்டால் இந்தக் கோழி யாருக்கும் கட்டுப்படியாகாது. அதே நேரத்தில், நெடுஞ்சாலைக் கடைகளில் நாட்டுக்கோழி என்று தொங்கவிடப்படுபவற்றில் பெரும்பாலானவை கலப்பினக் குஞ்சுகளைக் கொட்டகையில் அடைத்து, பண்ணைத் தீவனம் போட்டு, மூன்று மாதத்துக்குள் தேற்றியவை. அதை உண்பதில் தவறில்லை, அதற்குச் சிறுவிடையின் விலையைக் கேட்பதுதான் தவறு என்று நான் சொன்னதும், கொழுந்தனார் முதன்முறையாக ஒப்புக்கொண்டார்.

20 அக்டோபர், ஞாயிறு

ஐப்பசியின் முதல் ஞாயிறு. கணவர் விடியற்காலையில் இரண்டு சேவல்களை அறுத்தார். முந்தைய இரவு தீனி போடாமல் கொடாப்புக் கூடைக்கடியில் கவிழ்த்து வைத்திருந்தோம். இரைப்பை காலியாக இருந்தால்தான் சுத்தம் செய்வது எளிது. சுடுதண்ணீரில் முக்கி இறகைப் பறித்து, மஞ்சள் பூசி, காய்ந்த தென்னோலைத் தீயில் தோல் இறுகும்வரை திருப்பித் திருப்பி வாட்டினோம். தோலை உரித்துவிட்டால் சுவையில் பாதி போய்விடும். மகன் அறுக்கும் இடத்துக்கு வரவில்லை; வாட்டும் இடத்துக்கு வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சின்ன வெங்காயம், மல்லி, மிளகாய், மிளகு எல்லாவற்றையும் வறுத்து, தேங்காயும் கசகசாவும் சேர்த்து, அம்மியில்தான் அரைக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருந்தார். கறிக்கோழிக்குப் போதும் நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வெந்த பிறகே எலும்பிலிருந்து சதை விட்டது. குழம்பின் மேல் மஞ்சளாக மிதந்த கொழுப்பைக் கரண்டியால் எடுத்து முதல் ஆளாக மாமாவின் சோற்றில் விட்டேன்.

27 அக்டோபர், ஞாயிறு

தீபாவளி வியாபாரத்துக்குக் கோழி பிடிக்க வியாபாரி தராசுடன் வந்தார். உயிரெடை கிலோ 400 என்று தொடங்கியவரை அத்தை 450-க்குக் கொண்டுவந்தார். ஐந்து சேவல்களைக் கொடுத்தோம்; பெட்டைகளில் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. நன்றாக நிமிர்ந்த செஞ்சேவல் ஒன்றை மட்டும் விற்காமல் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய கறுப்புச் சேவலை வாங்கிக்கொண்டோம். ஒரே வளவுக்குள் அண்ணன் தங்கைக்கே முட்டை கூடினால் இரண்டு மூன்று ஈட்டிலேயே குஞ்சு சிறுத்துப்போகும். கறுப்பன் இன்னும் பட்டிக்குப் பழகவில்லை. ஜூனில் விடுவித்த பெட்டை மறுபடியும் அடைக்கு வந்து கூடையை விட்டு எழாமல் முணுமுணுக்கிறது. மழை விடாமல் பிடித்திருப்பதால் கார்த்திகை பிறக்கட்டும் என்று அத்தை அதை ஈரச் சாக்கில் உட்காரவைத்து அடை தெளியவைத்துக்கொண்டிருக்கிறார்.