யு எவ்வளவு வைத்தாய்?

"டி.பி.டி. எண்ணை நான் முன்னாடியே சொல்லாம இருந்திருந்தா, யு எவ்வளவு வச்சிருப்ப?" என்று கேட்டார் அக்கா. குத்திக்காட்டும் குரலில் இல்லை, டீ குடித்துக்கொண்டே கேட்டார். ஒரு வினை நடக்கத் தாண்டவேண்டிய ஆற்றல் தடையை அவர் டி.பி.டி. என்ற சோதனையில், பரப்பைச் சூடேற்றி வெளிவரும் வாயுவை அளந்து எடுப்பார்; நான் கணினியில் கணக்கிடுவேன். யு என்பது அந்தக் கணக்கில் நாமே தேர்ந்து வைக்கும் ஒரு திருத்த எண். "4.5தான்க்கா, எல்லாரும் அதைத்தானே வைக்கிறாங்க" என்றேன். "ம்" என்றார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அச்சாகிவிட்டது, அந்த "ம்" மட்டும் என்னை விடவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. சீரியாவின் (சீரியம் ஆக்சைடு) (111) என்ற படிகப் பரப்பில் மெத்தனாலின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு எளிதாக அறுந்து, மிச்சம் மெத்தாக்சி ஆகிவிடும். கஷ்டமான படி அப்புறம்தான். மெத்தாக்சியின் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் பரப்பிலுள்ள ஆக்சிஜனுக்குத் தாவினால் ஃபார்மால்டிஹைடு கிளம்பும். மிஞ்சும் இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு சீரியம் அயனிகளை 4+ இலிருந்து 3+ ஆக்கும். வெறும் டி.எஃப்.டி. (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணக்கிடும் முறை) அந்த எலக்ட்ரான்களை ஓரிடத்தில் நிற்கவிடாது, பல சீரியங்களுக்கும் பங்குபோட்டுக் கொடுத்துவிடும். அதற்குத்தான் அந்த எலக்ட்ரான் உட்காரும் சீரியத்தின் 4எஃப் ஆர்பிட்டால்மீது யு என்ற திருத்தம். 4.5, 5 எலக்ட்ரான்வோல்ட் வைத்தால் எலக்ட்ரான் சொன்ன இடத்தில் நிற்கும். ஆனால் சீரியா ஒடுக்கமடையும் (எலக்ட்ரான் பெறும்) ஆற்றல் சரியாக வர 2, 3 போதும் என்று காட்டியவர்களும் உண்டு. யுவை ஏற்ற ஏற்ற ஒடுக்கம் சுலபமாகும், வினைத்தடையும் இறங்கும். ஆக, 2 முதல் 5 வரை எதை வைத்தாலும் துணைக்கு ஒரு கட்டுரை கிடைக்கும்.

4.5இல் என் தடை அக்காவின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதோடு விட்டேன். வராமல் போயிருந்தால்? ஸ்லாபில் (பரப்புக்காகக் கணினியில் கட்டும் அடுக்கு மாதிரி) இன்னும் ஓர் அடுக்கு சேர்த்திருப்பேன். எலக்ட்ரான்களை வேறு சீரியத்தில் உட்காரவைத்துப் பார்த்திருப்பேன். மெத்தாக்சி அடர்த்தியைக் குறைத்திருப்பேன். ஒத்துவந்த கணக்கை இப்படி யாரும் குடைவதில்லை. வரிசையில் காத்திருந்து வாங்கும் கணினி நேரத்தில், சரியாக வந்ததையே மறுபடி ஓட்டு என்றால் யார்தான் ஓட்டுவார்? இதுவும் நியாயம்தானே.

அக்காவின் எண் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்ததா? சூடேற்றும்போது எந்த வெப்பநிலையில் ஃபார்மால்டிஹைடு உச்சமாக வருகிறது என்பதுதான் டி.பி.டி. நேரடியாகத் தருவது. அதைத் தடையாக மாற்ற ரெட்ஹெட் 1962இல் கொடுத்த சமன்பாடு இருக்கிறது. அதில் முன்காரணியாக, அதாவது நொடிக்கு எத்தனை முறை தடையைத் தாண்ட முயல்கிறது என்பதன் தோராய அளவாக, பத்தின் 13ஆம் அடுக்கைப் போடுவது வழக்கம். 15ஆம் அடுக்கு என்று மாற்றிப் போட்டால், 550 கெல்வின் பக்கம் தடை மோலுக்குச் சுமார் 21 கிலோஜூல் ஏறிவிடும். அதாவது 0.2 எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் மேல். "நன்கு பொருந்துகிறது" என்று நாங்கள் எழுதிய வித்தியாசத்தைவிட அது பெரியது! அவரும் வழக்கத்தில் இருப்பதைப் போட்டார், நானும் போட்டேன், இரண்டும் பொருந்தின.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பதிலுக்குப் பதில் மாதிரி ஆகியிருக்கும். அவர் கேள்விக்கு அது பதிலும் இல்லை. நான் எந்த இடத்தில் நிறுத்தினேன் என்றுதான் அவர் கேட்டார். மற்ற யு மதிப்புகளின் அட்டவணையைக் கட்டுரையோடு தனியாக இணைக்கும் துணைக்கோப்பில் போட்டிருக்கிறோம், மறைக்கவில்லை. துணைக்கோப்பை யார் திறக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது எத்தனால். "இந்தத் தடவை எண்ணைச் சொல்லாதீங்கக்கா, நான் முதல்ல முடிச்சிடறேன்" என்று போய் நின்றேன். அவர் இன்னும் அளக்கவே இல்லையாம். "நீ உன் எண்ணைச் சொல்லு, எதுவரைக்கும் சூடேத்தணும்னு பார்க்கணும்" என்றார். 2க்கு ஒன்று, 4.5க்கு ஒன்று என இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.

"ரெண்டா? ஏதாவது ஒண்ணு சொல்லுப்பா."

4.5இல் வந்ததைச் சொன்னேன்.