42 சதுரமும் ஒரு கச்சான் காற்றும்

வெளிநாட்டிலிருந்து வரும் சூட்கேசில் சொக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் இப்போது ரிப்பன் கட்டிய ஒரு துணிக்கட்டும் வருவதுண்டு. 5 அங்குலச் சதுரங்கள், மொத்தம் 42. விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாக வெட்டியிருக்கும். "வெட்டியே தந்திட்டாங்க, இனி என்ன, ரெண்டு தையல்தானே, ஏப்ரன் ரெடி" என்று மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு மகள் வாயைத் திறந்ததும் தொடங்குகிறது கூத்து. வெட்டு மிச்சம் என்பது சரி. கணக்கு மிச்சமில்லை.

5 சதுரம் வரிசையாக வைத்தால் 25 அங்குலம். தைத்து முடித்துப் பார்த்தால் இருபத்திரண்டரை. இரண்டரை அங்குலத்தை எலி தின்னவில்லை; தையல்தான் தின்றது. ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு பக்கமும் காலங்குலம் மடிப்புக்குள் போக, வெளியே தெரிவது நாலரைதான். ஆகவே கீழ்ப்பாகம் 5 நிரல், 5 வரிசை. மார்புப்பாகம் 3 நிரல், 2 வரிசை. உயரம் முப்பத்தொன்றரை அங்குலம் வரும், குசினிக்கு அளவு. கீழே 5 என்றால் மேலே 3 அல்லது 1. கீழே 6 வைத்து மேலே 3 போட்டால், மேல் தையல் கீழ்ச் சதுரத்தின் நடுவயிற்றில் வந்து நிற்கும். ஒற்றைக்கு ஒற்றை, இரட்டைக்கு இரட்டை.

31 சதுரத்தையும் நிறம் பார்த்துத் தரையில் அடுக்க வேண்டும். அடுக்குகிற மாதம் யூன் என்றால் கச்சான் எனும் சூடான மேல்காற்று வீசும். வீட்டுக்குள் புழுங்கும், சன்னலைத் திறந்தால் நீலம் கட்டிலுக்குக் கீழே, மஞ்சள் முற்றத்தில். சன்னலைச் சாத்தினால் அம்மம்மாவின் குரல்: "மறுகா அடுக்கலாம் மகள், முதல்ல ஃபேனப் போடு." ஃபேனும் கச்சானின் தம்பிதான். அடுக்கியதும் போனில் ஒரு படம் எடுத்து, வரிசை வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, இலக்கம் எழுதிய கடதாசித் துண்டோடு குண்டூசி குத்திவிட்டால்தான் ஃபேன் போடலாம்.

மெஷினில் 14ஆம் நம்பர் ஊசி, பருத்தி நூல், தையல் நீளம் 2 முதல் இரண்டரை மில்லிமீற்றர். துணியை அமர்த்தும் பாதத்தின் ஓரத்தை நம்பித் தைக்கிறவர்கள் பலர். எல்லா மெஷினிலும் அது காலங்குலம் இல்லை. ஊசிமுனையிலிருந்து காலங்குலம் அளந்து கீழே உள்ள தகட்டில் ஒரு டேப் ஒட்டுங்கள். பிறகு 3 சதுரத்தைத் தைத்து அளந்து பாருங்கள்: மொத்தம் 14, நடுவில் இருப்பது நாலரை. பல்லு விளிம்பில் 5 அங்குலம் பல்லின் நுனியிலா, பள்ளத்திலா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். காலுக்குப் பதில் காலே அரைக்கால் (எட்டில் மூன்று) பிடித்தால், ஒரு தையலுக்குக் காலங்குலம் கூடுதலாகப் போகும். 4 தையலுக்கு ஓர் அங்குலம். ஒரு வரிசை சரி, மறு வரிசை இப்படி என்றால் இரண்டையும் இழுத்துப் பொருத்த வேண்டியதுதான். ஏப்ரன் மட்டக்களப்பு வாவி மாதிரி நெளியும்.

அயன் பெட்டியைத் தேய்க்கக் கூடாது, வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் சதுரம் கோணும். முதல் வரிசையின் மடிப்புகளை இடப்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசையை வலப்பக்கம். அப்போது இரண்டு வரிசையும் சேருமிடத்தில் மடிப்பு மடிப்போடு கொழுவி மூலைகள் தானாகவே ஒன்று சேரும். எல்லாம் ஒரே பக்கம் என்றால் அந்த இடத்தில் புடைப்பு, ஊசி ஏறாமல் திக்கும்.

பொதி வராத வீட்டுக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் மிச்சம் இருக்கிறது, அதுவும் நல்லது. ஆனால் இழை நெகிழ்வானது, ஓரம் நூலாய்ப் பிரியும். துவைத்துக் காயவைத்து, கஞ்சி போட்டு அயன் பண்ணிய பிறகு வெட்டுங்கள். வெட்டி வந்த சதுரங்களுக்கு நேர்மாறு: முன்கூட்டித் துவைத்தால் ஓரம் கரைந்து, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் சுருங்கும். சிவப்பிலும் கடும் நீலத்திலும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் போதும். சாயம் ஒட்டினால் அந்தச் சதுரம் வெளியே.

பின்பக்கம் வைக்கும் அடித்துணிக்கும் கட்டும் பட்டிகளுக்கும் 45 அங்குல அகலத்தில் ஒன்றேகால் யார் போதும். துவைத்தால் சுருங்கும் என்பதால் ஒன்றரை வாங்குங்கள். பட்டி 4 அங்குல அகலத்தில் வெட்டி நாலாய் மடித்தால் ஓர் அங்குலம். கழுத்துக்கு 24, இடுப்புக்கு 36 வீதம் இரண்டு.

அடுத்தது பெரும் பகிடி. முகப்பும் அடித்துணியும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, சுற்றிவரத் தைத்து, கீழே 6 அங்குலம் திறந்து விட்டுத் திருப்ப வேண்டும். பட்டிகள் அந்த இரண்டு துணிக்கும் நடுவில், முனை மட்டும் ஓரத்தோடு நிற்க, உடல் முழுவதும் உள்ளே கிடக்க வேண்டும். பட்டியை வெளிப்பக்கம் நீட்டி வைத்துத் தைத்தவர்கள் திருப்பிப் பார்த்தால் பட்டியே இல்லாத ஏப்ரன். அம்மம்மா தடவிப் பார்த்துவிட்டு, "என்னகா இது, உள்ளுக்குள்ள பாம்பு கிடக்கு" என்பார். பிளேட் எடுத்துப் பிரிக்க வேண்டியதுதான். சரியாக உள்ளே வைத்தாலும் அலைகிற பட்டி பக்கத் தையலில் மாட்டும். சுருட்டி நடுவில் ஊக்குக் குத்தி விடுங்கள். மார்பும் இடுப்பும் சேரும் இரண்டு உள்மூலைகளிலும், தையலுக்கு ஒரு நூல் முன்வரை கத்தரிக்க மறந்தால் அந்த மூலை சுருங்கி நிற்கும். துணிந்து வெட்டுகிறவர் தையலையும் வெட்டிவிடுவார், அதுவும் உண்டு.

பொக்கற்றை அடித்துணி போடுமுன் வைக்க வேண்டும்: 4 சதுரம், தைத்து முடித்தால் 9 அங்குலச் சதுரம். சதுரத்தின்மேல் சதுரத்தைச் சரியாகப் பொருத்தினால் அழகுதான், பிறகு பொக்கற் எங்கே என்று யாருக்கும் தெரியாது. வாயில் கடும் நிறத்தில் ஒரு கரை பிடித்தால் கை தேடாமல் போகும்.

மிச்சம் 7 சதுரம். நாலைச் சேர்த்து, அடியில் அடித்துணியின் வெட்டு மிச்சம் வைத்து, நடுவில் பழைய பருத்தித் துவாயை இரண்டு மடிப்பாகப் போட்டால் சட்டி பிடிக்கிற துணி ஆகும். பொலியெஸ்டர் பஞ்சு வேண்டாம், கடும் சூட்டில் உருகக்கூடும்.