சாரம் (லுங்கி) கட்டும் இடம்: சர்ஜரி வார்டு நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

மழை. ஓ.பி. வாசலில் குடைகள் ஒழுகித் தரையெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. புதன்கிழமை ஆபரேஷனுக்கு இன்று அட்மிட் ஆனவர் கன்னியாகுமரி ஜில்லாவில் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மலக்குடலில் புற்றுநோய், ஆசனவாய்க்குக் கொஞ்சம் மேலே. திருவனந்தபுரத்தில் ரேடியேஷனும் கீமோவும் முடித்துவிட்டு வந்திருக்கிறார்.

ஃபைலைத் திறக்கும் முன்பே மகன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். "சிஸ்டர், அப்பாகிட்ட கட்டின்னு மட்டும் சொல்லுங்க. கேன்சர்னு தெரிஞ்சா தாங்கமாட்டாவ." ரேடியேஷனுக்கு வாரக்கணக்கில் வரிசையில் உட்கார்ந்த மனுஷனுக்கா தெரியாது? உள்ளே போய், "உங்களுக்கு என்ன நோயின்னு நினைக்கிறிய?" என்று அவரிடமே கேட்டேன். "கேன்சராக்கும் சிஸ்டரே. பையன்கிட்ட அதைப் பத்திப் பேசாண்டாம், பயந்துபோவான்."

இந்த ஜில்லாவில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஆளுக்கு ஆள் மறைக்கிறார்கள், எல்லாருக்கும் தெரியும்.

ஜூன் 4, செவ்வாய்

ரவுண்ட்ஸில் டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி, "கட்டியை எடுத்துட்டுக் குடலை ஜாயிண்ட் பண்ணுவோம், அது ஆறுற வரைக்கும் டெம்பரரியா ஒரு பை வைப்போம், சரியா?" என்றார். பெரியவர் சரி என்றார். டாக்டர் நல்லவர், கைராசிக்காரர். ஆனால் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தபடியே பேசுவார்.

டாக்டர் போனபிறகு, அவர் மனைவியை நினைத்துக் கேட்டேன்: "வீட்டுல அம்மைகிட்ட இதை எப்பிடிச் சொல்லுவிய?" அவர் சொன்னார்: "கட்டிலுக்குக் கீழ ஒரு பை தொங்கும். ரெண்டு நாள்ல எடுத்துருவாவ." மூத்திரப் பையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரிந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் உண்மை வெளியே வரும்.

படம் வரைந்தேன். சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். அந்த வாய்தான் ஸ்டோமா, அதன் மேல்தான் பையை ஒட்டுவோம். உதட்டின் உள்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. மலம் அது வழியாக நீராக வரும், காற்றும் வரும், இரண்டையும் அடக்க முடியாது. இரண்டு நாள் விஷயமில்லை, மாதக்கணக்கு. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப சாரம் எங்க கெட்டுவேன்?" என்றார்.

நல்ல கேள்வி. ஆபரேஷன் டேபிளில் மல்லாந்து கிடக்கும் வயிறு வேறு, மரத்தடியில் நிற்கிற வயிறு வேறு. சாரத்தை வழக்கம்போல் கட்டச் சொல்லி, மடித்துச் செருகும் இடத்தைப் பார்த்துக்கொண்டேன். படுத்த நிலையில் மார்க்கரால் ஒரு புள்ளி. உட்காரச் சொன்னேன், சரிதான். "இனி கத்தியைப் பிடிச்சுப் பட்டை வெட்டுற மாதிரி குனியுங்க." குனிந்தார். வயிற்று மடிப்புக்குள் புள்ளியே காணோம். அங்கே ஸ்டோமா வைத்தால் பை ஒட்டாது, ஒழுகி ஒழுகித் தோல் வெந்துபோகும். இரண்டு விரற்கடை மேலே ஏற்றினேன். அங்கே அவர் கண்ணுக்கும் தெரிகிறது, கையும் எட்டுகிறது. டாக்டர் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைக்கலாம் என்றார்.

ஜூன் 5, புதன்

எட்டு மணிக்கு கேஸ். ஆறு மணிக்குக் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) கொடுத்தேன். "ஆபரேஷனுக்குத் தண்ணி குடுக்கப்பிடாதே!" என்று பக்கத்துக் கட்டில்காரரின் மைனி (அண்ணி) சண்டைக்கு வந்துவிட்டார். மயக்கம் கொடுக்க இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த பானம் குடிக்கலாம், பால் மட்டும் கூடாது. டென்மார்க்கின் சர்ஜன் ஹென்ரிக் கேலட் 1990-களில் தொடங்கிவைத்த வழி இது: பட்டினியைக் குறை, சீக்கிரம் எழுப்பி நடக்கவிடு, சீக்கிரம் சாப்பாடு கொடு. அந்த மைனி நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூன் 8, சனி

பை மாற்றப் பழக்கும் நாள். மகன் வெளியே போய்விட்டான். அம்மை முந்தானையால் மூக்கைப் பொத்தவில்லை, கண்ணைத்தான் மூடினார். பெரியவர்தான் முதலில் குனிந்து பார்த்தார். "இம்புட்டுதானா?" மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும், நிறைய விட்டால் கனத்தில் பிய்ந்துவிடும். பையைத் தோலில் ஒட்டும் தகட்டில் ஓட்டை வெட்டும்போது அவர் கை என் கையைவிட நேர்த்தி. தினமும் மரத்தில் பிசகாமல் பட்டை சீவுகிற கையல்லவா.

ஜூன் 19, புதன்

அம்மையிடமிருந்து போன். "இவியளுக்கு எழும்பினா தலை சுத்துகு. பை நெறஞ்சுகிட்டே இருக்கு. நல்லா எளநி குடுக்கேன்." அங்கேதான் சிக்கல். சிறுகுடல் வழியாக வெளியேறுவது தண்ணீரும் உப்பும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் பையில் போவதுதான் கூடும். ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி, இன்றைக்கே இங்கே வாருங்கள் என்றேன். வந்தார்கள், டிரிப் போட்டோம், ராத்திரிக்குள் தெளிந்தார். டிஸ்சார்ஜ் தாளில் 'நிறைய நீர் அருந்தவும்' என்று அச்சடித்திருக்கிறது. அதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 18, புதன்

ஓணம் கழிந்ததும் வார்டு நிரம்பிவிட்டது. பெரியவருக்குக் குடலை உள்ளே வைத்துத் தைத்தாயிற்று. பையிலிருந்து விடுதலை. எல்லாருக்கும் சந்தோஷம்.

அக்டோபர் 25, வெள்ளி

ஓ.பி.யில் டாக்டர், "எப்படி இருக்கீங்க?" பெரியவர், "சொகமாக்கும் சாரே." ஃபைலில் 'நலம்'. வெளியே பெஞ்சில் உட்காரவைத்து ஐந்து கேள்வி கேட்டேன். காற்றை அடக்க முடிகிறதா, நீராகக் கசிகிறதா, நாளைக்கு எத்தனை தடவை, போய்வந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் போக வேண்டியிருக்கிறதா, ஓட வேண்டிய அவசரம் வருகிறதா. மலக்குடலை எடுத்து இணைத்தபின் வரும் தொல்லையை அளக்க 2012-ல் டென்மார்க்கில் உருவான லார்ஸ் அளவு இது (மறுபடியும் டென்மார்க்!). மொத்தம் 42, 30-ஐத் தொட்டாலே கடுமை. வாழ்க்கையை எது எவ்வளவு கெடுக்கிறது என்பதை வைத்து மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு மட்டும் 16. அவருக்கு 36 வந்தது.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"உயிரைக் காப்பாத்தின மனுஷன்கிட்ட போய்ப் பீக்கதையா செல்லுவாவ?"

அப்புறம் கொட்டினார். வெடியக்காலம் தோட்டத்துக்குப் போனால் நாலு மரத்துக்கு ஒருதரம் ஓடணும். ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சு, அதுவும் பாதியில் எழும்பணும். "பை இருந்தப்ப முழுப் பூசை கண்டேன் சிஸ்டரே."

1908-ல் லண்டனில் மைல்ஸ் என்ற சர்ஜன் எழுதிய ஆபரேஷனில் மலக்குடலை ஆசனவாயோடு எடுத்துவிட்டு நிரந்தரமாகப் பை வைப்பார்கள். 1982-ல் ஹீல்ட் என்ற சர்ஜன், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு பிசிறில்லாமல் எடுக்கும் முறையை எழுதினார். குடலை இணைக்கும் ஸ்டேப்ளரும் வந்தபின் மிகத் தாழ்வாகக்கூட இணைக்க முடிகிறது. 'பை இல்லாமல் முடித்தோம்' என்பது இன்று சர்ஜன்களுக்குப் பெருமை. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கக்கூஸ் இல்லாத தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு எது வெற்றி என்று ஆபரேஷனுக்கு முன்பே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் அவர் இதையேதான் தேர்ந்தெடுத்திருக்கலாம். அது வேறு விஷயம்.

தாளோடு திரும்ப உள்ளே போனேன். டாக்டர் எண்ணைப் பார்த்தார், கதவைச் சாத்தினார், இந்தத் தடவை உட்கார்ந்து பேசினார். மலப்போக்கைக் குறைக்கும் லோப்பரமைடு மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, இசப்கோல், இடுப்புத்தளப் பயிற்சி. இதற்குக் கேட்காவிட்டால் எனிமா முறை. பெரியவர் இப்போதைக்குத் தூரத்துத் தோட்டத்தை மருமகனிடம் விட்டுவிட்டு, வீட்டை ஒட்டிய மரங்களை மட்டும் வெட்டப்போகிறாராம். அம்மைக்கு ஒரே சந்தேகம்தான்: மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) கொடுக்கலாமா? கொடுக்கலாம், மலத்தைக் கொஞ்சம் கட்டும். கூட வைக்கிற மீன்கறியில் மிளகாயைத்தான் குறைக்கச் சொன்னேன். அதற்கு இரண்டு பேரும் சம்மதிக்கவில்லை.